கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: சந்தை ஆய்வு பற்றிய வாசகர் கேள்வி – பதில்

வன்னியில் சிறுதொழில் செய்வோரும் அங்கு கற்கும் மாணவர்களும் சந்தை ஆய்வு பற்றி எழுதிய கடிதங்களுள் சில இந்த இதழில் பதிலுடன் இடம்பெறுகின்றன. கடிதங்கள் யாவும் நேர்காணல், குழுக் கலந்துரையாடல், அவதானிப்பு ஆகிய, எண்ணிக்கையைவிடக் காரணங்களை அறிய முயலும் பண்புசார் முறைகளைப் பற்றியே அமைந்திருப்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நாங்கள் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கறித்தூள் செய்து, பைக்கற்றில் அடைத்து விற்கிறோம். தொடங்குவதற்கு முன் வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்து, சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும் ‘நல்ல முயற்சி, கட்டாயம் வாங்குவோம்’ என்றார்கள். இப்போது கடைகளில் பைக்கற்றுகள் தேங்கிக் கிடக்கின்றன. மக்கள் எங்களிடம் பொய் சொன்னார்களா?
– குழுச் செயலாளர், புதுக்குடியிருப்பு

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது இனி நடக்கப்போவதைப் பற்றிய கேள்வி; அதற்கு அவர்கள் தந்தது ஒரு வாழ்த்து. ஊருக்குள் வளர்ந்த பெண் ஒருத்தி வாசலில் நின்று, ‘நாங்கள் தூள் செய்யப் போகிறோம், வாங்குவீங்களா அம்மா?’ என்று கேட்கும்போது, ‘மாட்டேன் பிள்ளை’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய தாய் நம் ஊர்களில் அரிது. அந்த அன்பைக் கொள்வனவுத் தீர்மானமாகக் கணக்கெடுத்ததில்தான் கணக்குத் தவறியது.

இதற்கு வன்னிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் போர் முடிந்து, மக்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய காலந்தொட்டு, கையில் படிவத்துடன் வாசலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, இழப்பீடு, பதிவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்றின் பொருட்டே வந்திருக்கிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன, என்ன தொழில் செய்ய விருப்பம் என்ற அதே கேள்விகளை மீண்டும் மீண்டும் கேட்டுவிட்டு, தந்த விடைக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்லாமற்போனவர்களும் பலர். ஆகவே படிவத்தைக் கண்டதும், எந்த விடை நன்மை தரும், எந்த விடை வந்தவரை மனம் நோகாமல் அனுப்பி வைக்கும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மக்களிடம் படிந்துவிட்டது. அது அவர்களுடைய குறையன்று. ஆனால் வன்னியில் சந்தை ஆய்வு செய்ய விரும்பும் எவரும் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன்: இங்கே வினாக்கொத்து நடுநிலையான ஒரு கருவி அல்ல.

அடுத்த முறை படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். ‘வாங்குவீர்களா’ என்பதை விட்டு, நடந்து முடிந்ததைக் கேளுங்கள். வீட்டில் தூள் கடைசியாக எப்போது முடிந்தது, அன்று சமையலுக்கு என்ன செய்தார்கள், யார் கடைக்குப் போனார்கள், காசு கொடுத்து வாங்கினார்களா அல்லது கடைக்காரரின் கொப்பிக் கணக்கிலா, செத்தல் மிளகாய் அப்போது என்ன விலை விற்றது என்று, ஒரு நாளின் கதையாக அவர்களையே சொல்ல விடுங்கள். நடந்ததை நினைவுகூர்ந்து சொல்பவருக்கு உங்களை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் குறைவு. கொப்பிக் கணக்கைப் பற்றிக் கேட்பதை மட்டும் தவற விடாதீர்கள். நாட்கூலியில் வாழும் குடும்பம் கடன் தரும் கடையில்தான் பொருள் வாங்கும். உங்கள் பைக்கற்றைக் கடைக்காரர் உடன்காசுக்கு மட்டும் விற்கிறார் என்றால், தூளின் சுவை எப்படியிருந்தாலும் அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேராது.

இதைவிடவும் பயன் தருவது, தூள் திரிக்கும் மில்லில் போய் இருப்பது. மில்காரரிடம் அனுமதி பெற்று, வந்த காரணத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வெயிற்காலத்தில் சில காலைப்பொழுதுகளை அங்கே கழியுங்கள். யார் எவ்வளவு கொண்டுவருகிறார்கள், இரண்டு வீட்டார் சேர்ந்து திரிக்கிறார்களா, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பத் தனியாக ஒரு பொதி கட்டுகிறார்களா, முன்னவர் திரித்த தூளின் மிச்சம் தம்முடையதோடு கலந்துவிடக் கூடாதென்று மில்காரரிடம் என்ன சொல்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி விடயத்தைக் கூர்ந்து கவனித்தால், உங்கள் பைக்கற்றின் முன்புறத்தில் எழுத வேண்டிய வாசகமே உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. கடைத்தூள் வாங்குவதில் ஒரு கூச்சம் இருக்கலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 1950 இல் மேசன் ஹெயர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே போன்ற ஒரு முடிச்சை அவிழ்த்தார். உடனடிக் கோப்பியை விரும்பாத இல்லத்தரசிகளிடம் காரணம் கேட்டபோது, சுவை பிடிக்கவில்லை என்றே சொன்னார்கள். ஹெயர் அதை அப்படியே ஏற்காமல், இரண்டு சாமான் பட்டியல்களைத் தயாரித்தார். ஏழு பொருட்கள் கொண்ட அந்தப் பட்டியல்களில் ஆறு பொருட்கள் ஒன்றே. ஒன்றில் மட்டும் நெஸ்கபே உடனடிக் கோப்பி, மற்றதில் வழக்கமாக வடித்துக் குடிக்கும் மெக்ஸ்வெல் ஹவுஸ் கோப்பித்தூள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியலை மட்டும் காட்டி, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று சொல்லும்படி கேட்டார். நெஸ்கபே இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றப் பட்டியலைப் பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. சுவை என்று வெளியே சொல்லப்பட்டதன் பின்னால், நல்ல இல்லத்தரசி என்ற பெயரைப் பற்றிய கவலை இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1970 இல் வெளியான ஒரு மறு ஆய்வில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அதற்குள் காலமும் பெண்களின் வாழ்வும் மாறியிருந்தன.

இதை நீங்கள் செலவின்றிச் செய்து பார்க்கலாம். அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், நெத்தலிக் கருவாடு, தேயிலை, சவர்க்காரம் என்று இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். ஒன்றில் பைக்கற்றுக் கறித்தூளும், மற்றதில் செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு பட்டியலை மட்டும் காட்டி, அதை எழுதிய பெண்ணைப் பற்றிப் பேச விடுங்கள். ‘அலுப்பு பிடித்தவள்’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வருமானால், விலையைக் குறைப்பதால் பயன் ஏதும் விளையாது. நல்ல செத்தல் பார்த்து, வீட்டு முறைப்படி வறுத்துத் திரித்த தூள் இது என்று அந்தப் பெண்ணின் சார்பில் பைக்கற்று பேச வேண்டும். ‘வேலைக்குப் போகிறவள் போல’ என்று சொல்வார்களானால், ஆசிரியைகளும் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களும் மாலையில் இறங்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள கடைகளில் உங்கள் தூள் இருக்க வேண்டும்.

கேள்வி: வன்னியில் தயிர் வாங்கும் குடும்பங்களைப் பற்றிய என் இறுதியாண்டு ஆய்வுக்காகப் பன்னிரண்டு பேரை ஆழமாக நேர்கண்டிருக்கிறேன். பன்னிரண்டு பேரை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும் என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் போதும்?
– முகாமைத்துவ மாணவி, வவுனியா

பதில்: எத்தனை பேர் என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்ய முடியாது. 1967 இல் சமூகவியலாளர்களான பார்னி கிளேசரும் அன்சல்ம் ஸ்ட்ராஸும் முன்வைத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: அடுத்த நேர்காணல் புதிதாக எதையும் சேர்க்காத நிலை வரும்வரை தொடர வேண்டும். அதை நிறைவு நிலை எனலாம். பன்னிரண்டு என்ற எண்ணுக்கும் ஓர் ஆதாரம் உண்டு. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுக்கப்பட்ட அறுபது நேர்காணல்களை ஆராய்ந்து, 2006 இல் கிரெக் கெஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், முதற் பன்னிரண்டு நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று காட்டினார்கள். இதை எடுத்துக்காட்டும் பலர் விட்டுவிடும் நிபந்தனை ஒன்று அதில் இருக்கிறது. நேர்காணப்பட்டவர்கள் ஓரளவு ஒரே தன்மையுடைய குழுவினராகவும், கேள்விகள் ஒரே ஒழுங்கிலும் இருந்தால்தான் அது பொருந்தும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்க விரும்புவது, அந்தப் பன்னிரண்டு பேரும் யார் என்பதே. வன்னி ஒரே தன்மையுடைய ஊர் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம்; வவுனியாவிலிருந்து எழுதும் நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது. குளத்துக்குக் கீழ் வயற்காணியும் மாடும் உடைய குடும்பம் தயிரை வாங்குவதேயில்லை. தன் வீட்டில் உறைய வைக்கிறது. மலையகத்திலிருந்து இனக்கலவரக் காலங்களில் இடம்பெயர்ந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் கிராமங்களில் காணி உரிமையும் மேய்ச்சலும் வேறு விதமாக இருக்கின்றன. முல்லைத்தீவுக் கரையோர மீனவக் குடும்பத்தின் கையில் காசு புழங்கும் நாட்கள், காலபோக அறுவடையை நம்பியிருக்கும் குடும்பத்தின் நாட்களோடு ஒத்துப்போவதில்லை. முஸ்லிம் கிராமங்களில் நோன்புக்காலம் தயிரின் தேவையை மாற்றக்கூடும். உங்கள் பன்னிரண்டு பேரும் வவுனியா நகரத்தில் மாதச் சம்பளம் பெறுபவர்களாக இருந்தால், அந்தப் பிரிவினரைப் பற்றி நீங்கள் துணிந்து எழுதலாம். தலைப்பையும் அதற்கேற்பச் சுருக்கிவிடுங்கள். எல்லாப் பிரிவிலும் இரண்டிரண்டு பேரைத் தொட்டிருந்தால், எந்தப் பிரிவிலும் நிறைவு நிலையை எட்டவில்லை என்பதே உண்மை. இரண்டு பிரிவுகளைத் தேர்ந்து, அவற்றில் மேலும் சிலரை நேர்கண்டு ஆழமாகச் செய்வது நல்லது.

நேர்காணல் எடுத்த அன்றிரவே குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒலிப்பதிவு சொற்களைக் காப்பாற்றும். ஆனால் கேள்வி கேட்டபோது கணவர் பக்கம் திரும்பிப் பார்த்ததையோ, விலையைச் சொன்னதும் குரல் தாழ்ந்ததையோ அது காப்பாற்றாது.

கேள்வி: ஏ9 வீதியோரம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் என்ன பார்க்கிறார்கள், எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்பதை அவதானிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கமரா பூட்டிப் பார்க்கலாமா? ஒருவரை நிறுத்திக் குறிப்பெடுக்கலாமா?
– கடை உரிமையாளர், மாங்குளம்

பதில்: பாதுகாப்புக்காகக் கமரா வைத்திருப்பதும், மனிதர்களின் நடத்தையை ஆராய்வதற்காக அதைப் பயன்படுத்துவதும் வெவ்வேறு நோக்கங்கள். ஒருவரை அடையாளங்காட்டும் முகப்பதிவும் அவருடைய தனிப்பட்ட தரவுதான். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு மூலையில் நின்று, வருவோர் போவோரைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அந்நியர் ஒருவரைக் கண்டால் வன்னி மக்களின் மனத்தில் என்ன எழும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேறிடங்களில் சிறு சங்கடமாக முடியும் மறைமுக அவதானிப்பு இங்கே அச்சமாக மாறும். ஆகவே மறைவாக எதையும் செய்யாதீர்கள். வருவோருக்குத் தெரிந்த உங்கள் கடைப் பிள்ளையே அவதானிக்கட்டும். எதற்காக என்று யாரும் கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும்.

தாம் அவதானிக்கப்படுவதை அறிந்தவர்கள் தம் நடத்தையை மாற்றிக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த பரிசோதனைகளின் பெயரால் இந்த ஐயம் இன்றுவரை பேசப்படுகிறது. அந்தத் தரவுகளைப் பின்னர் மீள ஆராய்ந்தவர்கள், அவதானிப்பால் நடத்தை மாறும் அந்த விளைவு சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதாக இல்லை என்கிறார்கள். கடையில் முதல் ஓரிரு நாட்களின் குறிப்புகளை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் போதும்.

மனிதர்களைப் பார்க்காமலே அவர்கள் விட்டுச் செல்லும் தடயங்களைப் பார்க்கவும் வழியுண்டு. உங்கள் கடைக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். சிக்காகோவின் அறிவியல் கைத்தொழில் அருங்காட்சியகத்தில், கோழிக்குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவரும் காட்சிக்கூடத்தின் முன்னிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் அவை ஆண்டுக்கணக்கில் தேயாமல் கிடந்தன. எந்தக் காட்சி மக்களை ஈர்க்கிறது என்பதை யாரையும் கேட்காமலே தரை சொன்னது என்று 1966 இல் யூஜின் வெப்பும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். 1973 இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் வில்லியம் ரத்ஜே, வீடுகளின் குப்பையைத் தரம்பிரித்து ஆராயும் திட்டமொன்றைத் தொடங்கினார். மக்கள் நேர்காணலில் சொன்ன அளவைவிடக் குப்பையில் கிடந்த பியர்க் கொள்கலன்கள் கூடுதலாக இருந்தன. உங்கள் கடையிலும் தடயங்கள் உண்டு. எந்தத் தட்டில் தூசி படிகிறது, எந்தப் பெட்டி முதலில் வெறுமையாகிறது, சிறிய பைக்கற்று மாத முடிவில் அதிகம் போகிறதா, அறுவடைக்குப் பின் பெரிய பைக்கற்றுக்கு மாறுகிறார்களா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் மேலாக, ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பியவற்றை எழுத ஒரு கொப்பி வையுங்கள். விற்ற பொருளுக்குச் சிட்டை இருக்கிறது. கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவரின் தேவை எங்கும் பதிவாவதில்லை. பொருளின் பெயர், நேரம், கேட்டவர் உள்ளூரவரா வழிப்போக்கரா என்பது மட்டும் போதும். ஆளின் பெயர் வேண்டாம். ஏ9 வீதியில் வாகனத்தை நிறுத்தி வாங்குபவரும் உட்கிராமத்திலிருந்து சைக்கிளில் வருபவரும் இரண்டு வேறு சந்தைகள் என்பது சில வாரங்களில் அந்தக் கொப்பியிலேயே தெரியும். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா நாட்களை மட்டும் தனியாகக் குறியுங்கள். அந்நாட்களின் கூட்டத்தை வைத்து ஆண்டு முழுவதற்கும் பொருள் எடுத்தால் நட்டப்படுவீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பனம்பொருள் உற்பத்திகளைப் பற்றிக் குழுக் கலந்துரையாடல் நடத்தினால், தலைவரும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். என்ன செய்வது?
– கூட்டுறவுச் சங்க அலுவலர், கிளிநொச்சி

பதில்: அவர்கள் இருவரையும் தனித்தனியே, உரிய மரியாதையோடு நேர்காணுங்கள், குழுவுக்கு அழைக்காதீர்கள். குழுக் கலந்துரையாடல் கூட்டம் அன்று. அதன் தொடக்கம் 1941 இல் நியூயோர்க்கில் இருக்கிறது. வானொலி நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் பிடித்தால் பச்சைப் பொத்தானையும் பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தானையும் அழுத்தும் முறையொன்றை லசார்ஸ்பெல்ட் என்ற ஆய்வாளர் நடத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க வந்த சமூகவியலாளர் ரொபேர்ட் மேர்ட்டன், எந்த இடத்தில் எதனால் சிவப்பை அழுத்தினார்கள் என்று அவர்களிடம் கேட்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஒரே பொருளை அனுபவித்தவர்கள், ஒரே தரத்தினராக அமர்ந்து, தம் அனுபவத்தைக் குறிப்பாகப் பேசுவதே இதன் உயிர்.

ஆகவே ஆறு முதல் பத்துப் பேர் போதும். இளம் தாய்மாரைத் தனியாகவும் மாமியார்களைத் தனியாகவும் அழையுங்கள். மாமியார் முன்னிலையில், பிள்ளைகள் ஒடியற்கூழை விரும்புவதில்லை என்று மருமகள் சொல்ல மாட்டாள். சங்கக் கட்டடத்தைத் தவிர்த்து ஒருவர் வீட்டு முற்றத்தில் இருங்கள். பேச்சைத் தொடங்கும் முன், புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, பனங்கட்டி ஆகியவற்றை நடுவில் வைத்து, ஒவ்வொருவரிடமும் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, தம் வீட்டில் போன மாதம் பயன்பட்ட அளவுக்கேற்ப அவற்றின் முன்னே வைக்கச் சொல்லுங்கள். ஒருவரும் வாய் திறக்கும் முன்பே எல்லோருடைய கருத்தும் நிலத்தில் தெரியும். பிறகு, பனாட்டின் முன் ஒன்றும் வைக்காதவரிடம் காரணத்தைக் கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நேர்காணலுக்கு நேரம் தருபவர்களுக்குப் பணமோ பொருளோ கொடுக்கலாமா?
– தொண்டர், ஒட்டுசுட்டான்

பதில்: கூலிநாள் ஒன்றை இழந்து வருபவருக்கு அந்த இழப்பை ஈடுசெய்வது நியாயம், அதை ஆய்வின் முடிவில், எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். முன்கூட்டியே அறிவித்தால், உதவிப் பட்டியலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் பரவி, நீங்கள் தேடாத விடைகளே வந்து சேரும். இந்த ஆய்வினால் எந்த உதவித் திட்டமும் கிடைக்காது என்பதை முதல் வாக்கியத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பத்துப் பேரை நேர்கண்டதில் ஏழு பேர் பொருளின் அளவு பெரிதென்றார்கள். அறிக்கையில் 70% என்று எழுதலாமா?
– மாணவர், அறிவியல்நகர்

பதில்: எழுதக் கூடாது. பத்துப் பேரும் எழுந்தமானமாக, அதாவது எல்லோருக்கும் சம வாய்ப்புள்ள குலுக்கல் போன்ற முறையில், தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர். காரணங்களை அறிவதற்காக நீங்களே தேர்ந்தவர்கள். 70% என்று எழுதியவுடன், வாசிப்பவர் அதை முழு மாவட்டத்துக்கும் உரிய அளவாக எடுத்துக்கொண்டு பொருளின் அளவை மாற்றிவிடுவார். ‘பலர்’ என்று எழுதி, அவர்கள் சொன்ன காரணங்களைப் பிரித்துக் காட்டுங்கள். குளிரூட்டி இல்லாததால் மீந்தது பழுதாகிறது என்பது ஒரு காரணம். ஒரே தடவையில் அவ்வளவு காசு கையில் இருப்பதில்லை என்பது வேறொரு காரணம். முன்னதற்குப் பொதியிடும் முறையிலும், பின்னதற்கு அளவிலும் விலையிலும் தீர்வு இருக்கிறது. எத்தனை வீடுகளுக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று அறிய வேண்டுமானால், நேர்காணலில் மக்கள் பயன்படுத்திய சொற்களையே கொண்டு ஐந்தாறு கேள்விகள் மட்டும் அமைத்து, கிராம அலுவலர் பிரிவுகளை எழுந்தமானமாகத் தெரிவு செய்து அங்கே எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குச் சதவீதம் எழுதலாம்.